போலீஸ் அண்ணாச்சியும் சுவரில் முளைத்த சுரையும்

அறுபதுகளில் பம்பாயில் வாழ்ந்த அத்தனை பேருடைய பயத்தையும் ஒரே ஆள் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் தாராவியில், எங்கள் வரிசையில், என் கோலிக்கு அடுத்த கோலியில் குடியிருந்தார். கோலி என்றால், ஆள் நீட்டிப் படுத்தால் கால் வாசலுக்கு வெளியே போய்விடுகிற அறை. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி குழாயடியில் குடத்தோடு நிற்கிற பெண்கள் முதல் இஸ்திரிக்கடை பாய் வரை எல்லோருக்கும் அவர் போலீஸ் அண்ணாச்சி.

போலீசில் வேலை பார்த்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். காக்கித் துணியைக் கண்டால், அதைப் போட்டிருப்பவர் தபால்காரராக இருந்தாலும், எழுந்து நின்றுவிடுகிறவர். பெயர் வந்த கதை இதுதான். ஒரு நாள் காலை சயான் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஹவால்தார் இவரிடம் தீப்பெட்டி கேட்டார். அவ்வளவுதான். அண்ணாச்சி தலையிலிருந்த கத்தரிக்காய்க் கூடையை ஹவால்தார் காலடியில் இறக்கி வைத்தார். "மேரா கசூர் நஹி, சாப்", என் மேல் தப்பில்லை ஐயா, என்று ஒரு கும்பிடு போட்டார். பிறகு எடுத்தார் ஓட்டம்.

ஹவால்தார் நல்ல மனிதர். அடுத்தவன் கூடை தனக்கு எதற்கு என்று அதைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "அரே ருக்கோ, ருக்கோ" என்று பின்னாலேயே ஓடி வந்தார். போலீஸ் துரத்துகிறது என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்ட அண்ணாச்சி இன்னும் வேகமாக ஓடினார். முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு தமிழர், பின்னால் தலையில் கத்தரிக்காயோடு ஒரு போலீஸ்காரர். தாராவி மெயின் ரோடு அன்றைக்கு வேலை வெட்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. கடைசியில் அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி மதினிதான் வாசலில் வந்து கூடையை வாங்கிக்கொண்டார். "இவுக எப்பவும் இப்பிடித்தான் சாப், மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று சுத்தமான திருநெல்வேலித் தமிழில் அந்த மராத்திக்காரரிடம் சொல்லி, அவர் கேட்ட தீப்பெட்டியையும் கொடுத்து அனுப்பினார்.

ரயிலுக்கு அண்ணாச்சி இரண்டு டிக்கெட் எடுப்பார். ஒன்று தொலைந்துவிட்டால்? இரண்டையும் வேட்டி முடிச்சில் கட்டி, முடிச்சு கழன்றுவிடுமோ என்று அதைக் கையால் பிடித்தபடியே நிற்பார். அப்படி நிற்கிறவரைப் பார்த்தால் டிக்கெட் பரிசோதகருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? பெட்டியில் நூறு பேர் இருந்தாலும் நேராக இவரிடம்தான் வருவார். சினிமாவில் போலீஸ் வரும் காட்சியில் இருட்டுக்குள் பீடியை அணைத்துவிடுவார். போலீஸ் திரையை விட்டுப் போன பிறகுதான் மறுபடி பற்ற வைப்பார்.

இதற்கெல்லாம் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். ஆனால் அவருடைய பயங்களில் ஒன்றுக்கு மட்டும் யாரும் சிரிப்பதில்லை. அண்ணாச்சி முன்பு தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. அந்தக் கைகளை நான் பார்த்திருக்கிறேன். விரல் இடுக்குகளில் வெடிப்பு ஆறவே இல்லை. சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் எரியும் என்று கரண்டியால்தான் சாப்பிடுவார். அந்தத் தொட்டிக்குத் திரும்பிப் போக வேண்டி வந்துவிடுமோ என்பது அவருடைய மற்ற பயங்களுக்கெல்லாம் தாய்ப் பயம்.

அதிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தவன் நான். நல்லது செய்தவன் என்று மார்தட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்பதற்காகச் சொல்கிறேன். அப்போது கோட்டைப் பகுதியில் ஒரு விதைக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். கம்பெனி தேவ்நார் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்து, ஆள் வைத்துப் புது ரகச் சுரைக்காய் பயிரிட்டு விதை எடுக்கத் தீர்மானித்தது. "நல்ல ஆள் யாராவது உண்டா?" என்று மேனேஜர் கேட்டார். நான் அண்ணாச்சியைச் சொன்னேன். ஒரு துண்டு நிலம் அவர் பொறுப்புக்கு வந்தது. ஆறே மாதத்தில் கை ஆறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்கார வைத்துத் தன் கையாலேயே சோறு பிசைந்து சாப்பிட்டுக் காட்டினார்.

வினை, நிலம் கைக்கு வரும் முன்பே போட்ட ஒப்பந்தத்தில் வந்தது. நாலு பக்கம், இங்கிலீஷ், நானே டைப் அடித்தது. என் கோலியில் விளக்கைத் தூண்டிவிட்டு அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். விளைகிற விதை அத்தனையும் கம்பெனிக்கு. ஒரு விதையைக்கூட எடுத்து வைக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, மறுபடி விதைக்கக் கூடாது. மீறினால் அன்றைக்கே நிலத்தை விட்டு இறங்க வேண்டும், அதற்கு மேல் வழக்கும் உண்டு.

அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, காக்கா கொத்திட்டுப் போயி எங்கயாவது போட்டு, அது முளைச்சுதுன்னா?"

"காக்கா கையெழுத்துப் போடலையே அண்ணாச்சி."

"நான் போடணுமே! சரி, பிஞ்சுக்காய அறுத்து ஒங்க மதினி கூட்டு வைக்கா. வெதையும் சேந்துதான வயித்துக்குள்ள போவும்? அது கம்பெனி வெதையா, என் வெதையா?"

"சாப்பிட்டா சாப்பிட்டதுதான். அதெல்லாம் ஒப்பந்தத்துல இல்ல."

"எதுக்கும் அதையும் எழுதிச் சேத்திரும் தம்பி. பின்னால வந்து வயித்தக் கீறிப் பாக்கணும்னு சொல்லிரப் போறானுவ."

ஒரு வழியாகக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு, ஏமாற்றினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று இரண்டு கட்டைவிரல் ரேகையையும் கூடவே வைத்தார். நாலு பக்கத்திலும் வைத்தார். தனக்கு ஒரு நகல் வேண்டும் என்றார். கார்பன் நகலைக் கொடுத்தேன், அதிலும் நாலு பக்கத்திலும் ரேகை வைத்தார். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட ஆள் தேவைப்பட்டது. கொஞ்சமும் யோசிக்காமல் இரண்டிலும் நான் போட்டேன். பயம் ஒட்டுவாரொட்டி என்பது எனக்கு அப்போது தெரியாது.

கொடி நன்றாகப் படர்ந்தது. பங்குனி வெயிலில் முதல் காய் காய்த்தது. அன்றைக்கு அண்ணாச்சியின் கை தன் பழக்கத்தைச் செய்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எந்தக் கொடியிலும் முதலில் திரண்டு வருகிற காயைப் பறிப்பதில்லை. அதற்கு ஒரு நூலைக் கட்டி விதைக்கு விட்டுவிடுவார்கள். நூல் கட்டிய காயில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அண்ணாச்சியும் இடுப்பில் கிடந்த சிவப்பு நூலை அறுத்துக் காம்பில் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் ஒப்பந்தம் ஞாபகம் வந்திருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் நூலை அவிழ்த்திருப்பார்கள். அண்ணாச்சிக்குக் கை வரவில்லை. விதைக்கு விட்ட காயை அவிழ்ப்பதா? அதுவும் பயம். அவிழ்க்காமல் இருந்தால் கம்பெனி இன்ஸ்பெக்டர் பார்ப்பார், அதுவும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்டத்தில் இருந்த எல்லாக் காய்க்கும் சிவப்பு நூல் கட்டிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வைத்தா சார் மாட்டுங்காக்காரர். பஞ்சகச்சத்துக்குப் பதிலாகப் பேண்ட் போட்டிருந்தாரே தவிர, நெற்றியில் விபூதி, கையில் குடை, எப்போதும் ஒரு கறுப்பு நோட்டு. வந்து பார்த்து அசந்துபோனார்.

"என்னய்யா இது, எல்லாக் காய்க்கும் காப்பு கட்டி வச்சிருக்கீர்?"

"திஷ்டி சார்" என்றார் அண்ணாச்சி.

வைத்தா சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "நன்னா பண்ணினீர். பக்கத்துத் துண்டுக்காராளும் கட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் தேவ்நார் முழுக்கச் சுரைக்காய்கள் சிவப்பு நூலோடு தொங்கின.

வைகாசியில் காயெல்லாம் முற்றிக் காய்ந்ததும், வைத்தா சார் முன்னாலேயே ஒவ்வொரு காயாக உடைத்து விதையை எடுத்துக் கம்பெனிச் சாக்கில் கட்டி முத்திரை வைத்தார்கள். 'என் கண் முன்னால் அனைத்து விதையும் பெறப்பட்டது' என்று வைத்தா சார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் அதை டைப் அடித்து ஃபைலில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி என் கோலிக்குள் வந்து கதவைச் சாத்தினார். பம்பாய் வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே கதவைச் சாத்துகிறவன் ஒன்று பைத்தியம், இல்லை கொலைகாரன்.

"தம்பி, தப்பு நடந்துபோச்சு" என்று பனியனுக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வைத்தார். உள்ளே சுரை விதை.

"எப்படி அண்ணாச்சி? வைத்தா சார் பக்கத்துலயே நின்னாரே!"

நடந்தது இது. முதல் காய் நன்றாகக் காய்ந்ததும் முந்தின வாரமே நூலை அறுத்து அதைப் பறித்து, ஒரு கயிற்றைக் கட்டி, தண்ணீர் கொண்டுபோகிற குடுக்கை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டுவிட்டார். விதை எடுத்த நாள் முழுவதும் அது அவர் தோளிலேயே தொங்கியது. உச்சி வெயிலில் வைத்தா சாருக்குத் தாகம்.

"என்ன கேட்டார் தெரியுமா தம்பி? 'அந்தக் குடுக்கையில ஜலம் இருக்கா'ன்னு கேட்டார்! எனக்கு உசுரே போச்சு. 'தீந்துபோச்சு சார்'னேன். வாங்கிக் குலுக்கிப் பாத்துட்டார். கடகடன்னு சத்தம். 'என்னய்யா இது'ன்னார். 'தண்ணி தெளியதுக்குக் கூழாங்கல் போட்ருக்கேன் சார்'னு சொன்னேன். 'பேஷ்'னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டார்."

நான் சிரிக்கவில்லை.  சாட்சி என்று போட்ட என் கையெழுத்து கண் முன்னால் வந்து நின்றது. "இப்பவே கொண்டுபோய்க் கடலில் போடுங்க" என்றேன். போடுகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போனார். போடவில்லை. மதினி வறட்டி தட்டுவதற்காகத் தபேலாவிலிருந்து, அதாவது எருமைக் கொட்டகையிலிருந்து, தினமும் சாணி வாங்கி வருவார். வரிசைக்குப் பின்னால் ஒரு நீளச் சுவர். அது முழுக்க மதினியின் வறட்டி. சுரை, பூசணி விதைகளைச் சாணிக்குள் பொதிந்து சுவரில் தட்டி வைத்தால் பூச்சி அரிக்காது. அண்ணாச்சி அதைத்தான் செய்தார். வறட்டிக்குப் பத்து விதையாகப் பொதிந்து மற்ற வறட்டிகளோடு தட்டிவிட்டார்.

"எதெதுல விதை இருக்குன்னு அடையாளம் வச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அடையாளம் வச்சா போலீஸ் கண்டுபிடிச்சிராதா?" என்றார்.

தோட்டத்தில் எல்லாக் காயிலும் அடையாளம், சுவரில் எந்த வறட்டியிலும் அடையாளம் இல்லை. விதை எங்கே இருக்கிறது என்று போலீசுக்கும் தெரியாது, அண்ணாச்சிக்கும் தெரியாது. வரிசையில் யாராவது மதினியிடம் நாலு வறட்டி வாங்கிப்போய் அடுப்பு மூட்டுவார்கள். உள்ளே இருக்கும் விதை சூட்டில் 'பட் பட்' என்று வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணாச்சி சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து ஓடிவந்து, "தண்ணிய ஊத்து, தண்ணிய ஊத்து" என்று கத்துவார். சோறு வேகிற அடுப்பில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? "பட்டாசு வச்சு வறட்டி தட்டுதாவளா ஒம்ம பொண்டாட்டி?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து, விதைக்கென்று டில்லியில் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். டீக்கடையில் யாரோ அதைச் சத்தமாகப் படித்தார்கள். அந்தச் சட்டம் விதை விற்கிறவர்களுக்கானது. தன் விதையைத் தான் எடுத்து விதைக்கிறவனை அது ஒன்றும் செய்யவில்லை. அண்ணாச்சியைக் கட்டிப்போட்டது கம்பெனி ஒப்பந்தம்தான். இதை நான் அவருக்கு எத்தனையோ தடவை சொன்னேன். "சட்டம்னு ஒண்ணு வந்துட்டா யாரு தம்பி படிச்சுப் பாத்துப் புடிக்கா?" என்றார். 

பிறகு ஆபீசில் மேனேஜர் ஒரு கடிதம் சொன்னார், நான் அடித்தேன். செம்பூர்ப் பக்கம் யாருடைய கொல்லையிலோ கம்பெனிச் சுரை காய்த்துத் தொங்குகிறதாம். விதை வெளியே கசிந்திருக்கிறது. ஆகவே, பயிரிட்ட எல்லோருடைய வீட்டையும் வைத்தா சார் நேரில் போய்ச் சோதிப்பார், விதை அகப்பட்டால் நிலம் பறிக்கப்படும், வழக்கும் போடப்படும். ஒரு பக்கக் கடிதம். அடித்து முடிக்க எனக்கு ஏழு தாள் ஆனது. சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கினேன். முதலில் அண்ணாச்சி கோலிக்குத்தான் போனேன்.

"எல்லா வறட்டியையும் பேத்து எடுத்துக் கொளுத்திருங்க அண்ணாச்சி. இல்லாட்டி உடைச்சுச் சாக்கடையில விடுங்க."

"இப்பப் போயி அந்தச் சொவத்துல கை வைக்கச் சொல்லுதீரா? எவனாவது பாத்துட்டுச் சொல்லிருவான். தொடாம இருந்தா அது வெறும் வறட்டி. தொட்டா அது சாட்சி."

மதினிக்குப் பொறுக்கவில்லை. "மானம் இருட்டிட்டு வருது. வருசாவருசம் மழைக்கு முன்னால எடுத்து உள்ள அடுக்குவேன். இவுக கிட்டக்கயே போவக்கூடாதுங்காவ. எல்லாம் கரைஞ்சு போவட்டும், பயந்தாங்கொள்ளி மனுசன்!" என்று என்னிடம் முறையிட்டார்.

மழை வந்தது. பம்பாய் மழை என்றால் கேட்க வேண்டுமா? வாரம் முழுக்க அடித்தது. வறட்டியெல்லாம் கரைந்து ஓடிவிட்டால் நல்லது என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆனால் அந்தச் சுவருக்கு மேலே பக்கத்துப் பட்டறையின் தகரம் இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. சாரல் மட்டும்தான் அடித்தது. கரைக்கப் போதாத, நனைக்கப் போதுமான சாரல்.

சோதனை நாளன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் குடியிருக்கிறவன் நீதானே, வைத்தா சாருக்கு வழி காட்டு என்று சொல்லிவிட்டார். என் கையாலேயே என் கழுத்துக்குச் சுருக்கு. மழை விட்டிருந்தது. சேற்றில் செருப்பு ஒட்டிக்கொள்ள, வைத்தா சார் குடையை ஊன்றியபடி பின்னால் வந்தார். அண்ணாச்சி துவைத்த வேட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.  கேட்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்தார், அரிசிப் பானையைக் கவிழ்த்தார், தலையணையைப் பிரித்தார், சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். வைத்தா சார் சங்கடப்பட்டு, "போரும் ஓய், போரும்" என்றார். நோட்டில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதி மூடினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஒரே சேறு. கால் அலம்பிண்டு போயிடறேன். குழாய் எங்கே இருக்கு?" என்று கேட்டார் வைத்தா சார்.

குழாய் பின்பக்கம் இருந்தது. சுவரும் பின்பக்கம் இருந்தது.

அதைப் பார்த்த கணம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பழுப்பாக இருக்க வேண்டிய சுவர் பச்சையாக இருந்தது. வறட்டி வறட்டியாக, கொத்துக் கொத்தாக, தடித்த இரண்டு இரண்டு இலைகளை விரித்துக்கொண்டு சுரை முளைத்திருந்தது. விதையை எங்கே வைத்தோம் என்று அண்ணாச்சிக்குத் தெரியாமல் இருந்தது அல்லவா? இப்போது தாராவிக்கே தெரிந்தது.

வைத்தா சார் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார். சுவருக்குப் பக்கத்தில் போனார். ஒரு இலையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "இது நம்ம சுரைன்னா!" என்றார், ஈனஸ்வரத்தில்.

அண்ணாச்சி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டார். குடுக்கை, கூழாங்கல், திருஷ்டி, எல்லாம் வந்தது. அதோடு நிற்கவில்லை. செம்பூர்க் கொல்லையில் காய்த்ததும் தன்னால்தான் இருக்கும் என்றார். சயானில் ஹவால்தாருக்குத் தீப்பெட்டி கொடுக்காமல் ஓடியதையும் சேர்த்துக்கொண்டார். "நெலத்த மட்டும் புடுங்கிராதீங்க சார். ஜெயிலுக்கு வேணும்னா போறேன். அந்தத் தொட்டிக்கு மட்டும் என்னால மறுபடி போவ முடியாது" என்று ஆறிய இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் வந்ததா, பரிதாபத்தில் வந்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

 வைத்தா சாரின் குடை நடுங்குவதை அப்போதுதான் கவனித்தேன்.

"என் கண் முன்னால அனைத்து விதையும் பெறப்பட்டதுன்னு எழுதிக் குடுத்திருக்கேனே ஓய்" என்றார். "அந்தக் குடுக்கையை நான் கையில வாங்கிக் குலுக்கியிருக்கேனே! பென்ஷனுக்கு ரெண்டு வருஷம்கூட இல்லையே எனக்கு!"

ஆக, அந்தச் சுவரின் முன்னால் மூன்று பேர் நடுங்கிக்கொண்டு நின்றோம். நடுங்காமல் இருந்தது மதினி ஒருத்திதான். "ஆம்பளைங்க மூணு பேரும் நின்னு என்ன பாக்கீங்க? புடுங்குங்க!" என்றார்.

பிடுங்கினோம். வைத்தா சார் விபூதியும் பேண்டுமாகச் சாணிச் சுவரில் நகத்தால் கீறிக் கீறி நாற்றை எடுத்தார். அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு நாற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து வைத்தா சார், "ஒண்ணு பாக்கியில்லாம முளைச்சிருக்கேய்யா. நம்ம கோடவுன்ல இருக்கறது பாதி முளைக்காது" என்று முணுமுணுத்தார். எல்லாவற்றையும் கூடையில் அள்ளி மதினி தபேலாவுக்குக் கொண்டுபோனார். சாட்சி முழுவதையும் இரண்டு எருமைகள் மென்று தின்றுவிட்டன.

கை கழுவிக்கொண்டே வைத்தா சார் கேட்டார். "ஓய், நிழலைப் பாத்தாலே பயப்படற மனுஷன் நீர். உமக்கு ஏன் இந்த வேலை?"

அண்ணாச்சி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "பயந்தவன்தான சார் வெதை எடுத்து வைப்பான்? அடுத்த வருசம் கம்பெனி இருக்குமோ இருக்காதோ, வெதை குடுப்பானோ மாட்டானோன்னு பயம். தைரியசாலி எல்லாத்தையும் வித்துட்டுப் போயிருவான் சார்."

வைத்தா சார் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போனவர் பாதி வழியில் திரும்பி வந்து, மறந்துவிட்ட குடையை எடுத்துக்கொண்டார். 'ஒன்றும் இல்லை' என்று நோட்டில் எழுதியது எழுதியபடியே இருந்தது. மறுநாள் அதை நான்தான் டைப் அடித்தேன். ஒரே தாளில் முடிந்தது. நிலம் அண்ணாச்சியிடமே இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, அண்ணாச்சி பயந்த மாதிரியே, கம்பெனி சுரையைக் கைவிட்டது. லாபம் இல்லை என்று அந்த ரகத்தையே நிறுத்திவிட்டு, தேவ்நார்க் குத்தகையையும் விட்டுவிட்டார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரிடமே கெஞ்சிக் கூத்தாடி அண்ணாச்சி தன் துண்டில் கீரை போட்டுக்கொண்டார். தொட்டிக்குப் போகவில்லை. அதே சமயம் எனக்குக் கல்யாணம் ஆகி, செம்பூரில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. சாமான்களைக் கட்டுவதற்காக என் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தேன். அடியில், பழைய கம்பளிக்குக் கீழே, ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் காய்ந்த வறட்டி ஒன்று, விளிம்பில் சுரை விதை எட்டிப் பார்த்தது. அதைச் சுற்றியிருந்த காகிதத்தில் என் கையெழுத்தும் எட்டுக் கட்டைவிரல் ரேகையும் இருந்தன. ஒப்பந்தத்தின் கார்பன் நகல்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். நேராகப் பக்கத்துக் கோலிக்குப் போனேன்.

"என் பெட்டியிலயா வச்சீங்க? அன்னைக்கு வைத்தா சார் என் கோலிக்குள்ள நுழைஞ்சிருந்தா நான்ல அண்ணாச்சி உள்ள போயிருப்பேன்!"

"டைப் அடிச்சவன் பெட்டியில யாரு தம்பி தேடுவா?" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இருந்தாலும் வச்ச நாள்ல இருந்து எனக்கு ஒறக்கம் கெடையாது. நீரு மாட்டிக்கிடுவீரோ, நீரு மாட்டிக்கிடுவீரோன்னு. ரெண்டு வருசம் எனக்காவப் பயப்படவே நேரம் இல்லாமப் போச்சு தம்பி."

அதற்கு மேல் நான் எப்படிக் கோபப்படுவது? அவர் அந்த வறட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. "ஒம்ம செம்பூர் வீட்டுல ரெண்டு முழம் மண்ணு இருக்கும்லா, அங்கன போடும்" என்று என் கையிலேயே வைத்து மூடிவிட்டார்.

போட்டேன். இன்றைக்கு அண்ணாச்சி இல்லை, மதினி இல்லை, அந்தக் கம்பெனி இல்லை. சுரை இருக்கிறது. வருஷா வருஷம் என் வீட்டுப் பின்சுவரில் ஏறிக் காய்க்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் காய் கொடுக்கிறோம். முதல் காயை மட்டும் யாரும் தொடுவதில்லை. அதற்குச் சிவப்பு நூலை நான்தான் கட்டுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், எந்தக் கம்பெனிக்கும் பதில் சொல்ல வேண்டாதவன், இருந்தும் முடிச்சுப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வாசலை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். என் மனைவி சிரிக்கிறாள். அந்தப் பயம் என்னுடையது இல்லை, அண்ணாச்சியுடையது. விதையோடு சேர்த்து அதையும்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.